கறுப்பா, வெள்ளியா, நீலமா?

மார்ச் பதினான்காம் தேதி, சனிக்கிழமை காலை, பேருந்து நிலையத்துக்கு எதிர்வரிசையில் இருக்கும் சர்வீஸ் சென்டரில், நீல நிற லேப்டாப் ஒன்று நான்காவது முறையாகப் பழுதுபார்க்க வந்து சேர்ந்தது.

கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் பெரியவளும் தம்பியும் நின்றார்கள். அந்தப் பக்கம் சர்வீஸ்காரர், லேப்டாப்பின் மூடியை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். மூடி கையோடு வந்துவிட்டது.

"எப்ப ஆச்சு?"

"நேத்து சாயங்காலம். அப்பா டைப் பண்ணிட்டே இருந்தார். டப்புன்னு ஒரு சத்தம். ஸ்கிரீன் இருட்டாயிடுச்சு" என்றாள் பெரியவள்.

அந்த இருட்டில்தான் போன வார அத்தியாயத்தை முடித்தோம். நீச்சல் பயிற்சியாளராக இருந்தவர் அப்பா. குளத்தின் இந்தக் கரையில் நின்று கத்தினால் அந்தக் கரையில் இருப்பவன் முதுகை நிமிர்த்துவான், அப்படி ஒரு குரல். தொண்டையில் செய்த அறுவைச் சிகிச்சை அந்தக் குரலை வாங்கிக்கொண்டது. கை நடுக்கம் பேனாவை வாங்கிக்கொண்டது. மிச்சம் இருந்தது இந்த லேப்டாப். அவர் ஒற்றை விரலால் எழுத்துகளைத் தட்டுவார், அது வாசித்துக் காட்டும்.

பெரியவளின் தங்கை சின்னவளுக்கு இது எதுவும் தெரியாது. அவளைப் பெரிய நீச்சல் போட்டிக்குத் தயார்ப்படுத்தியவர் அப்பா. அந்தப் போட்டிக்கான தேர்வு நடக்க வேண்டிய வாரத்தில், யாரிடமும் சொல்லாமல், பயணிகள் கப்பலொன்றில் நீச்சல்குள உயிர்காப்பாளர் வேலைக்குப் போய்விட்டாள் அவள். அப்பா அவளோடு பேச்சை நிறுத்தினார். பிறகு பேச்சே அவரிடம் நின்றுபோனது. "அவளுக்குச் சொல்லக் கூடாது. பாவம் பார்த்து அவ வர வேண்டாம்" என்று தட்டிக் காட்டி எல்லோரிடமும் சத்தியம் வாங்கியிருந்தார்.

இப்போது அவளே எழுதியிருக்கிறாள். சனிக்கிழமை கப்பல் துறைமுகத்தில் நிற்கும், அஞ்சு மணிக்கு அப்பாவோடு பேசணும், அஞ்சரைக்குக் கிளம்பிவிடும், அப்புறம் சிக்னல் கிடைக்காது என்று. அப்பா வாரம் முழுக்க அறைக்குள் உட்கார்ந்து, அவளிடம் சொல்ல வேண்டியதை வரி வரியாகத் தட்டிச் சேமித்து வைத்திருந்தார். யாரும் வாசிக்கக் கூடாது என்று உத்தரவு.

"சரி பண்ண முடியுமா?" என்று கேட்டான் தம்பி.

"பண்ணலாம். உதிரிப் பாகம் வரணும். புதன்கிழமை."

"இன்னைக்கு அஞ்சு மணிக்கு வேணும்."

சர்வீஸ்காரர் தலையைச் சொறிந்தார். "உள்ள இருக்கிறதை எடுத்துத் தரேன். அந்த வாசிக்கிற புரோகிராமையும் சேத்து ஒரு பென் டிரைவ்ல போட்டுடறேன். வேற மெஷின் வாங்கிக்குங்க."

"எந்த கம்பெனி வாங்கலாம்? நீங்களே சொல்லுங்க" என்றாள் பெரியவள்.

"என்கிட்டக் கேக்காதீங்கம்மா. என்கிட்ட எல்லாக் கம்பெனியும் படுத்த படுக்கையாத்தான் வருது. எழுந்து நடமாடறதை நான் பாத்ததே இல்ல."

பெரியவள் பல் செட் செய்யும் லேபில் டெக்னீஷியன். ஒரு பொருள் கடைசி வரை உழைக்குமா, பாதியில் காலை வாருமா என்பதை நகத்தால் சுரண்டிப் பார்த்தே சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவளுக்கு இந்த ஒரு வாரமாகத் தலை சுற்றிக்கொண்டிருந்தது.

பழைய லேப்டாப் முனகத் தொடங்கிய நாளிலிருந்து அவள் விசாரிக்காத ஆள் இல்லை. பல் டாக்டர் வெள்ளி நிறக் கம்பெனியைத் தலையில் வைத்துக் கொண்டாடினார். முழுக்க உலோகம், கையில் எடுத்தாலே தெரியும் என்றார். லேபின் கணக்காளர் கறுப்புக் கம்பெனிக்காக உயிரையே விடுவார் போலிருந்தது. வாகனத்தில் பல் செட்டுகளைக் கொண்டுபோய்க் கொடுப்பவர், "எதை வாங்கினாலும் அதுக்கு உங்களைப் பிடிக்கணும்க்கா" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார். வீடியோக்களைப் பார்த்தாள். ஒருவர் கறுப்பின் மேல் ஏறி நின்று, ஒன்றும் ஆகவில்லை என்று காட்டினார். அடுத்த வீடியோவில் இன்னொருவர் அதே கறுப்பை மேசையில் மெதுவாக வைத்தார், மூலை பிளந்தது.

கம்பெனிப் பெயர்கள் அப்பாவுக்கு நினைவில் நிற்காது. அதனால் வீட்டில் பெட்டியின் நிறத்தை வைத்தே பேசினார்கள். கறுப்பு, வெள்ளி, நீலம். கேட்பவர்கள் பெயின்ட் அடிக்கப் போகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

காலையில் கிளம்பும்போதுகூட ஒரு குழப்பம். அப்பா வாசல் வரை வந்தார். கையில் அந்த அக்ரிலிக் தட்டு. பல் செட்டுக்கு ஊற்றும் பொருளிலேயே பெரியவள் அவருக்காகச் செய்து கொடுத்தது. கீபோர்டின் மேல் அது உட்காரும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு ஓட்டை. நடுங்கும் விரல் ஓட்டைக்குள் இறங்கினால் பக்கத்து எழுத்தில் விழாது. அது இல்லாமல் தட்டினால் ஓர் எழுத்துக்கு மூன்று எழுத்து விழும். செல்போனில் தட்ட முடியாமல் போனதும் அதனால்தான்.

அப்பா தட்டை அவளிடம் நீட்டினார். வாயசைத்தார். அவளுக்குப் பிடிபடவில்லை.

"பத்திரமா வைக்கணுமா? சரிப்பா, வெச்சுடறேன்" என்று வாங்கி, அலமாரியின் மேல்தட்டில், யார் கையும் படாத இடத்தில் வைத்தாள்.

அப்பா தலையை அசைத்தார். ஆமாம் என்கிறாரா, இல்லை என்கிறாரா என்று பார்ப்பதற்குள் தம்பி வெளியே ஹாரன் அடித்தான்.

லேப்டாப் கடையில் குளிர்சாதனம் எலும்பைத் தொட்டது. நீண்ட மேசையில் லேப்டாப்புகள் வாயைப் பிளந்து வரிசையாக உட்கார்ந்திருந்தன. கழுத்தில் அடையாள அட்டை தொங்கிய விற்பனைப் பெண் புன்னகையோடு வந்தாள்.

"மேடம், உங்களுக்கு உழைப்பு முக்கியமா, சர்வீஸ் முக்கியமா?"

"ரெண்டும்."

"ரெண்டும் வேணும்னா ரெண்டு லேப்டாப் வாங்கணும் மேடம்."

தம்பி சிரித்துவிட்டான். பெரியவள் சிரிக்கவில்லை. வெள்ளியின் மூடியைத் திறந்து மூடினாள். சத்தமே இல்லை. மூலையைக் கட்டைவிரலால் அழுத்தினாள். அசையவில்லை. அழகுதான்.

"இது ரிப்பேர் ஆனா?"

"ஆகாது மேடம்."

"ஆச்சுன்னா?"

"தலைமைப் பட்டறைக்கு அனுப்பணும். வர ரெண்டு மூணு வாரம் ஆகும். ஆனா சரி பண்ணா புதுசு மாதிரி இருக்கும்."

"மூணு வாரம் அப்பா வாயை மூடிட்டு இருக்கணுமா?"

விற்பனைப் பெண்ணுக்கு அது விளங்கவில்லை. "அப்பாவுக்கா மேடம்? பெரியவங்களுக்குன்னா நீலம் எடுங்களேன். லேசா இருக்கும்."

"எங்க ஹோட்டல்ல ரிசப்ஷன் பூரா வெள்ளிதான்க்கா" என்றான் தம்பி. அவன் அங்கே வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறான்.

"நல்லா இருக்கா?"

"பாக்க நல்லா இருக்கும். கஸ்டமர் பாக்கற பக்கம் பளபளன்னு இருக்கும். எங்க பக்கம் பாதி ஓடாது."

"அப்ப எதுக்குடா சொல்ற?"

"நீ கேட்டியேன்னு சொன்னேன்."

அவள் நீலத்தை எடுத்தாள். பழையதன் அதே உருவம், கொஞ்சம் புதுக் களை. மூடியை ஆட்டிப் பார்த்தாள். கீல் இப்போதே லேசாக ஆடியது. அடிப்பக்கத்து பிளாஸ்டிக்கில் நகத்தை வைத்தாள்.

"மேடம், கீறாதீங்க, ப்ளீஸ்."

"கீறல. கேக்கறேன்."

லேபில் அவள் அப்படித்தான் செய்வாள். நல்ல வார்ப்பு நகம் பட்டால் கல் மாதிரி ஒலிக்கும். மட்டமானது பொத்தென்று இருக்கும். நீலம் பொத்தென்றது.

"இதோட சர்வீஸ் சென்டர் பக்கத்துலயே இருக்கு மேடம். காலைல குடுத்தா சாயங்காலம்."

"தெரியும். அந்த ஆளுக்கு எங்க வீட்டு ஆளுங்க எல்லாரையும் அடையாளம் தெரியும். நாலு தடவை போயாச்சு."

கறுப்பு தடிமனாக இருந்தது. மூடியைத் தூக்க இரண்டு கை வேண்டியிருந்தது. கீபோர்டு அகலமாக, தாராளமாக இருந்தது. தண்ணீர் கொட்டினாலும் அடிப்பக்கமாக வழிந்து போய்விடுமாம். நகம் வைத்தாள். கல்.

"இது பழுதானா வீட்டுக்கே ஆள் வருவாங்க மேடம். மறுநாளே."

"நிஜமாவா?"

"தனியா ஒரு திட்டம் எடுக்கணும். அப்புறம் நகர எல்லைக்குள்ள இருக்கணும்."

"நாங்க எல்லைக்குள்ள இருக்கோமா?"

விற்பனைப் பெண் கம்ப்யூட்டரில் தேடினாள். "ஒரு மேப்ல இருக்கீங்க மேடம். இன்னொரு மேப்ல இல்ல."

தம்பி நெற்றியில் கை வைத்துக்கொண்டான். "அக்கா, மணியைப் பாரு. நீலத்தை எடு, கிளம்பலாம்."

"இப்பத்தானே வெள்ளின்னே?"

"அது அப்போ. பழகினது, பக்கத்துலயே சர்வீஸ். போதும்க்கா."

"நாலு தடவை, டா. நாலு தடவையும் அப்பா வாய் பேசாம ஜன்னலைப் பாத்துட்டு உக்காந்திருந்தார். நீ ஹோட்டலுக்குப் போயிட்டே. நான்தான் பாத்தேன்."

"அக்கா, இன்னைக்கு சாயங்காலத்துக்கு வாங்க வந்தோம். நீ அடுத்த அஞ்சு வருஷத்துக்கு வாங்கற."

பழுதாகாமல் இருப்பது நல்லதா, பழுதானால் சீக்கிரம் சரியாவது நல்லதா? வாரம் முழுக்க இதே கேள்வி. ஒருவர் சொன்னதை இன்னொருவர் அடித்துப்போட்டார். இப்போது கடையில் நின்றுகொண்டு, இவளே தான் சொன்னதை அடித்துப்போட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் கை என்ன சொன்னதோ அதைக் கேட்டாள். லேபில் அவள் கையை விட்டுப் போன பொருள் திரும்பி வந்ததில்லை. திரும்பி வராத பொருளைத்தான் அவள் நம்புவாள்.

"கறுப்பு" என்றாள்.

விற்பனைப் பெண்ணே பென் டிரைவைப் போட்டு, புரோகிராமையும் அப்பாவின் கோப்பையும் ஏற்றிக் கொடுத்தாள். பரிசோதனைக்கு "வணக்கம்" என்று தட்டினாள். கறுப்பு, ஓர் ஆணின் குரலில் கணீரென்று வணக்கம் சொன்னது. தம்பி பதிலுக்கு வணக்கம் சொன்னான்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா குளித்து, தலை வாரி, இஸ்திரி போட்ட சட்டையில் உட்கார்ந்திருந்தார். போனுக்கு எதற்கு இஸ்திரி என்று அம்மா கேட்டிருக்கிறாள். அப்பா காதில் வாங்கவில்லை.

"என்ன, இவ்வளவு பெரிசா இருக்கு? பெட்டியா, லேப்டாப்பா?" என்றாள் அம்மா.

"உழைக்கும்மா" என்றாள் பெரியவள்.

மேசைமேல் வைத்துத் திறந்தாள். அலமாரியிலிருந்து தட்டை எடுத்தாள். கீபோர்டின் மேல் வைத்தாள்.

ஓட்டைகள் எழுத்துகளின் மேல் விழவில்லை. இரண்டு எழுத்துகளுக்கு நடுவே விழுந்தன.

தட்டைக் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளினாள். இடப்பக்கத்து எழுத்துகள் சரியாயின, வலப்பக்கம் ஓடிப்போயிற்று. வலப்பக்கம் தள்ளினாள். மறுபடி இடம் கெட்டது. கறுப்பின் எழுத்துகள் நீலத்தின் எழுத்துகளைவிட ஒரு நூலளவு அகலம். ஓர் எழுத்துக்கு ஒரு நூல். வரிசை முடிவதற்குள் ஓர் எழுத்தே தள்ளிப்போயிற்று.

பெரியவள் கடையில் என்னவெல்லாம் சோதித்தாள். கீலை ஆட்டிப் பார்த்தாள், மூலையை அழுத்தினாள், அடிப்பக்கத்தைச் சுரண்டினாள். ஊர் உலகத்தையெல்லாம் விசாரித்தாள். ஒரு பல் செட்டை அச்சில் பொருத்திப் பார்க்காமல் அவள் இதுவரை அனுப்பியதில்லை. இந்தத் தட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகத் தோன்றவில்லை.

காலையில் அப்பா அதற்காகத்தான் நீட்டியிருக்கிறார்.

"அப்பா..." என்றாள்.

அப்பா கையைக் காற்றில் தட்டினார். விடு என்று அர்த்தம். அது மட்டும் புரிந்தது.

"கடைக்குத் திரும்ப ஓடட்டுமா?" என்றான் தம்பி.

"பிரிச்சதை எடுக்க மாட்டாங்க. எடுத்தாலும் போயிட்டு வர நேரமில்ல. லேப்ல ஒரு மணி நேரம் கிடைச்சா புதுத் தட்டு ஊத்திடுவேன்..." அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். நாலே முக்கால்.

"நீ படிச்சுக் காட்டிடேன். அவர் எழுதினதை நீ அவகிட்டப் படி" என்றாள் அம்மா.

அப்பாவின் தலை வேகமாக ஆடியது. வேண்டாம்.

அவர் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். திரையில் அவர் சேமித்த கோப்பு மூடியிருந்தது. புருவத்தை உயர்த்தி ஏதோ கேட்டார். தம்பிதான் முதலில் புரிந்துகொண்டான்.

"கோப்பைத் திறந்து விட்டுடறேன்ப்பா. இந்தப் பெரிய கீயை அழுத்துங்க. அழுத்த அழுத்த அடுத்த வரியை வாசிக்கும். இது பெருசு, விரல் தவறாது."

அப்பா அந்தப் பெரிய கீயின் மேல் விரலை வைத்துப் பார்த்தார். விரல் நடுங்கியது, ஆனால் கீயை விட்டு வெளியே போகவில்லை. போதும் என்பதுபோல் தலையசைத்தார். பிறகு கதவைக் காட்டினார். எல்லோரும் வெளியே.

போன் மேசைமேல் ஸ்பீக்கரில் காத்திருந்தது. கதவு மூடிக்கொண்டது. மூன்று பேரும் கூடத்தில் நின்றார்கள். ஒட்டுக் கேட்கவில்லை என்று காட்டிக்கொள்ள அம்மா துணி மடித்தாள். ஒரே துண்டை மடித்து மடித்துப் பிரித்தாள்.

ஐந்து மணிக்கு போன் அடித்தது.

"அப்பா?" சின்னவளின் குரல். பின்னால் காற்றும் இரும்புச் சத்தமும்.

கறுப்பு பேசியது. "நான் அப்பா பேசறேன். சத்தம் வேற ஒருத்தனோடது. வார்த்தை என்னோடது."

"ஹலோ? யாருங்க இது? அப்பா எங்க?"

"தொண்டைல ஆபரேஷன். குரலை எடுத்துட்டாங்க. நான் தட்டறேன், இது வாசிக்குது. உன்கிட்டச் சொல்ல வேண்டாம்னு நான்தான் சொன்னேன். அக்காவைத் திட்டாதே."

அம்மாவின் கையில் துண்டு நின்றுவிட்டது.

"அப்பா..." பிறகு அழுகை. கொஞ்ச நேரம் அது மட்டும்தான் கேட்டது. அப்பா அவசரப்படவில்லை. அழுது முடிக்க விட்டுவிட்டு அடுத்த வரியை அழுத்தினார்.

"நான் இப்ப குளத்துப் பக்கம் போறதில்ல. கத்த முடியாத கோச்சுக்குத் தண்ணியோரம் என்ன வேலை?"

சின்னவள் அழுகையோடு சிரித்தாள். கூடத்தில் தம்பி பெரியவளின் தோளைத் தட்டினான். பெரியவள் மூச்சை விட்டாள். பரவாயில்லை. தட்டு இல்லாவிட்டாலும் சமாளித்துவிட்டார்.

"அப்பா, ஒண்ணு கேக்கணும். அதுக்குத்தான் கூப்பிட்டேன்" என்றாள் சின்னவள். "என் ஒப்பந்தம் முடியுது. நீட்டிக்கறியான்னு கேக்கறாங்க. கப்பல் கிளம்பறதுக்குள்ள சொல்லணும். கையெழுத்துப் போடவா, இல்ல வீட்டுக்கு வரட்டுமா? நீங்க சொல்லுங்கப்பா. வான்னா வந்துடறேன்."

இந்தக் கேள்விக்கு அப்பா வாரம் முழுக்க எழுதியதில் பதில் இருந்ததோ என்னவோ. அடுத்த வரியில் இல்லை. புதிதாகத் தட்ட வேண்டும்.

கீபோர்டின் ஒலி கேட்டது. கட, கடகட. கறுப்பு என்னவோ முனகியது. சொல்லும் இல்லை, எழுத்தும் இல்லை. மறுபடி கடகட. மறுபடி முனகல்.

"அப்பா? கேக்கல."

பெரியவளின் கை கதவின் கைப்பிடிக்குப் போனது. நின்றது. உள்ளே போகக் கூடாது என்பது அவர் உத்தரவு. போகாவிட்டால்? போனால் கோபிப்பார். போகாவிட்டால்?

நடுங்கிய விரல் பெரிய கீயில் பட்டிருக்க வேண்டும். கறுப்பு தெளிவாக, கணீரென்று, அடுத்த வரியை வாசித்தது.

"நீ சொல்லாமப் போனதை என்னால மறக்க முடியல."

அந்தப் பக்கம் காற்று மட்டும் கேட்டது.

"சரிப்பா" என்றாள் சின்னவள். "புரியுது. கேட்டிருக்கக் கூடாது. உடம்பைப் பாத்துக்குங்க."

பெரியவள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தாள். "ஏய், வைக்காதே! அது பதில் இல்லடி! அது முன்னாடியே எழுதினது..."

போனின் திரை அணைந்திருந்தது.

அப்பா இரண்டு கைகளையும் கீபோர்டின் மேல் வைத்தபடி அவளைப் பார்த்தார். அவர் வாய் அசைந்துகொண்டே இருந்தது. ஒரே சொல். இந்த முறை அவளுக்குப் புரிந்தது. வா, வா என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

திரையில், வாசிக்கப்பட்ட வரிக்குக் கீழே, வாசிக்கப்படாத வரி நின்றது. "மறக்க முடியாட்டி என்ன, நீ வந்து சேரு."

பெரியவள் திரும்ப அழைத்தாள். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. மறுபடி மறுபடி அழைத்தாள். அடித்து ஓய்ந்தது. தம்பி தன் போனிலிருந்து அழைத்தான். அதற்குள் ஐந்தரை தாண்டிவிட்டது. எண் தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக அறிவிப்பு வந்தது.

நடந்ததை விளக்கி பெரியவள் நீளமாக ஒரு செய்தி அனுப்பினாள். அதன் கீழே ஒற்றை டிக் விழுந்தது. இருட்டும் வரை அது இரண்டாகவில்லை.

கறுப்பு லேப்டாப்பில் எந்தக் கோளாறும் இல்லை.